சோத்தாங்கை

ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறக்க எத்தனை கை வேண்டும் என்று அன்றுவரை நான் யோசித்ததில்லை.

தங்கை மகனுக்கு அப்போது ஆறு வயது. மதுரையில் ஒரு தெரபி மையம். மொசைக் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) மிஸ், நடுவில் டப்பா. உள்ளே இரண்டு தேன்குழல் இருப்பது அவனுக்குத் தெரியும். வலது முழங்கை மடங்கியிருந்தது. முன்கை வயிற்றின் குறுக்கே கிடந்தது. மணிக்கட்டு கீழே தொங்க, நான்கு விரல்களும் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டிருந்தன. அந்தக் கையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையால் டப்பாவை எடுத்து வலது முன்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே செருகினான். உடம்பைக் குனித்து அதை இறுக்கினான். மூடியின் விளிம்பை இடது கை நகத்தால் நெம்பினான். வழுக்கியது. டப்பாவை அரைச் சுற்றுத் திருப்பி மறுபடி செருகினான். மறுபடியும் வழுக்கியது. மூன்றாம் முறை மூடி கழன்று தரையில் உருண்டு, சுவரோரம் போய் நெடுநேரம் ஆடி அடங்கியது.

இதற்குள் என் தங்கை இரண்டு முறை கையை நீட்டி, இரண்டு முறையும் இழுத்துக்கொண்டாள்.

“விடுங்கக்கா, அவனே பண்ணட்டும்” என்றார் மிஸ். பிறகு ஃபைலைத் திறந்து பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “ரெண்டு போடறதா மூணு போடறதான்னுதான் யோசிக்கிறேன்” என்றார்.

கைக்கு எண். எனக்குச் சுருக்கென்றது. தேன்குழலுக்காக மூன்று முறை போராடிய பிள்ளையை ரேஷன் அரிசி போல ரகம் பிரிக்கிறார்களே என்று தோன்றியது. அந்த எரிச்சலில்தான் இந்தக் கை வகைப்பாடுகளின் கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது எரிச்சல் போகவில்லை. ஆனால் இடம் மாறிவிட்டது.

*

கைகளை ரகம் பிரிப்பது நமக்குப் புதிதில்லை. வலது, இடது என்பதெல்லாம் எழுத்தில். எங்கள் வீட்டுப் பேச்சில் சோத்தாங்கை, பீச்சாங்கை. சாப்பிடும் கை ஒன்று, கழுவும் கை ஒன்று. திசையை வைத்துப் பெயர் வைக்காமல் வேலையை வைத்துப் பெயர் வைத்த மொழி இது. வேலையோடு மரியாதையையும் சேர்த்தே பங்கு போட்டுவிட்டது என்பதுதான் சிக்கல். ஒரு கைக்கு அன்னம், மற்றதற்கு அசிங்கம்.

கூத்துக்காரர்களின் பகுப்பு இன்னும் நுட்பமானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், ஒற்றைக் கையால் காட்டும் அபிநயம் 33, இரு கையும் சேர்ந்து காட்டுவது 15 என்று பட்டியல் தருகிறார். அழகுக்காகக் காட்டுவது எழிற்கை, தொழிலைக் காட்டுவது தொழிற்கை, பொருளைக் காட்டுவது பொருட்கை என்று இன்னொரு பகுப்பும் அங்கே உண்டு. ஒற்றைக் கை வகைகளில் ஒன்று முட்டி. நான்கு விரலையும் மடக்கி, அவற்றின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பிடிப்பது. தங்கை மகனின் கையும் முட்டிதான். ஒரே வித்தியாசம், அவன் கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு அடியில் இருந்தது. முட்டிக்கு வெளியே இருக்கும் கட்டைவிரல் எதையும் பிடிக்கும். உள்ளே மாட்டிக்கொண்ட கட்டைவிரல், பிடிக்க வரும் எதற்கும் வழிமறித்து நிற்கும். சோற்றைப் பிசைந்து, விரல் நுனியில் சேர்த்து, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுகிறோமே, அந்தத் தள்ளல் அவன் வலது கைக்கு இல்லை.

வீட்டில் இது முதலில் யாருக்கும் புரியவில்லை. ஆறாம் மாதத்திலேயே கிலுகிலுப்பையை இடது கையால் மட்டும்தான் எட்டிப் பிடித்தான். “நொட்டாங்கைக்காரன் பொறந்திருக்கான்” என்று சிரித்தோம். பொதுவாக ஒரு வயதுக்கு முன் குழந்தைக்கு இந்தக் கை, அந்தக் கை என்ற பேதம் கிடையாது. இரண்டாலும் எட்டும், இரண்டாலும் பிடிக்கும். அந்த வயதில் ஒரு கை மட்டும் முந்துகிறது என்றால் அந்தக் கையைக் கொண்டாடக் கூடாது, பின்தங்கும் கையைக் கவனிக்க வேண்டும். பிறக்கும் நேரத்தை ஒட்டி இடது மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்திருந்ததை ஸ்கேனில் பார்த்தபோது அவனுக்கு ஒன்றரை வயது. இடது மூளையின் ஆணைக்குட்பட்டது வலது கை. மூளை முடக்குவாதம், வலது பக்கம் மட்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

*

மூளை முடக்குவாதம் மருத்துவத்தின் ஏட்டில் ஏறியது கால்களின் வழியாக. லண்டனில் வில்லியம் ஜான் லிட்டில் என்ற எலும்பு மருத்துவர் 1861-இல் மகப்பேற்று மருத்துவர் சங்கத்தில் ஓர் உரை நிகழ்த்தினார். கடினமான பிரசவத்துக்கும் பிள்ளைகளின் விறைத்த கால்களுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது அது. வெகுகாலம் இந்த நிலைக்கு லிட்டில் நோய் என்றே பெயர். அவருக்கே ஒரு பாதம் சிறுவயதிலிருந்து வளைந்திருந்தது. 1889-இல் வில்லியம் ஆஸ்லர் 151 பேரின் விவரங்களைத் தொகுத்து ஒரு நூல் எழுதினார். உளப்பகுப்பாய்வுக்குப் போகுமுன் நரம்பியல் மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃபிராய்டு 1897-இல் இதைப் பற்றி ஒரு தடித்த நூலே எழுதியிருக்கிறார். பிரசவம் கடினமானதால் மூளை பாதித்தது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது, முன்பே கருவில் ஏதோ கோளாறு இருந்ததன் அடையாளமாகவும் கடினப் பிரசவம் இருக்கலாம் என்ற சந்தேகத்தை எழுப்பியவர் அவர். என் தங்கை அதைப் படித்திருந்தால் எத்தனையோ இரவுகள் தூங்கியிருப்பாள்.

இவர்கள் செய்த பகுப்பெல்லாம் உடம்பின் வரைபடத்தில் நிழலடிப்பது போன்றது. ஒரு பக்கமா, இரு காலுமா, கை கால் நான்குமா? அதற்கு மேல் அசைவின் குணம். விறைப்பா, தானாக நெளிகிறதா, தள்ளாடுகிறதா? விரல்கள் ஓரிடத்தில் நில்லாமல் புழுப்போல நெளிவதற்கு 1871-இல் வில்லியம் ஹாமண்ட் என்ற அமெரிக்கர் நிலையின்மை என்று பொருள்படும் ஒரு கிரேக்கப் பெயரைச் சூட்டினார்.

விறைப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்கு ஒரு சுபாவம் உண்டு. தங்கை அவனைக் குளிப்பாட்டும்போது பார்த்திருக்கிறேன். மூடிய கைக்குள் வியர்வை புளித்து வாடை வரும். அன்றாடம் திறந்து கழுவ வேண்டும். அவசரமாக விரலைப் பிரித்தால் கை வெடுக்கென்று இன்னும் இறுகும். மெதுவாக, மிக மெதுவாகப் பிரித்தால் விடும். இழுக்கும் வேகம் கூடக் கூட எதிர்ப்பும் கூடும் என்பதே விறைப்புக்கு நரம்பியல் தரும் வரையறை. அவள் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. இன்னொரு உபாயமும் அவளுக்குத் தெரியும். முதலில் மணிக்கட்டைக் கீழே மடக்குவாள். விரல்கள் தாமாகத் தளரும். உள்ளங்கையில் நகம் பதிந்த நான்கு பிறைகள் தெரியும். சோப்பு நுரையை விரலிடுக்கில் தடவிக்கொண்டே பாட்டுப் பாடுவாள்.

மணிக்கட்டு மடங்கினால் விரல் விரியும் என்ற அதே விஷயத்தை வைத்துத்தான் 1981-இல் பியூனஸ் அயர்ஸின் கை அறுவை மருத்துவர் எடுவார்டோ சான்கோலி ஒரு பகுப்பைச் செய்தார். மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்கும்போதே விரல்களை நீட்ட முடிகிறவர்கள் முதல் வகை. 20 பாகைக்கு மேல் மடக்கினால்தான் நீட்ட முடிகிறவர்கள் இரண்டாம் வகை. எவ்வளவு மடக்கினாலும் நீட்ட முடியாதவர்கள் மூன்றாம் வகை. காரணம் எளிமையானது. விரலை மடக்கும் தசைநார்கள் மணிக்கட்டைக் கடந்து போகின்றன. மணிக்கட்டை உள்பக்கம் மடக்கும்போது அவற்றின் இழுப்புத் தளர்கிறது. விரியக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

இதைப் படித்த பிறகு அந்தத் தொங்கும் மணிக்கட்டை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். பார்வைக்கு அது கோணல். ஆனால் இரண்டாம் வகைப் பிள்ளைக்கு, விரலைத் திறக்க உடம்பு கண்டுபிடித்துவைத்திருக்கும் சாவி அதுதான். அழகுக்காக மணிக்கட்டை நேராக்கி இறுக்கிவிட்டால் கை பார்க்க ஒழுங்காக இருக்கும், எதையும் விடவோ பிடிக்கவோ விரியாது. எழிற்கை கிடைக்கும், தொழிற்கை போகும். வகை பிரிப்பவர்கள் காப்பாற்ற நினைத்தது அந்தச் சாவியை.

*

நடையை ரகம் பிரிப்பது ஒப்பீட்டளவில் சுலபம். கால் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றே. குதிகால் பதிந்து, பாதம் ஊன்றி, விரல் உந்தி, மறுபடி குதிகால். சக்கரம் போலத் திரும்பத் திரும்ப வருவதை அளந்து, ஒரு பக்கம் பாதித்தவர்களின் நடையை நான்கு வகையாக 1987-இலேயே பிரித்துவிட்டார்கள். கைக்குச் சுழற்சி கிடையாது. பூத்தொடுக்கும், ரூபாய் எண்ணும், ஈ ஓட்டும், பேன் பார்க்கும், கும்பிடும், குட்டும். இதில் எந்த அசைவை மாதிரியாக வைத்து அளப்பது?

ஆய்வுக்கூடங்கள் தாங்களே சில வேலைகளைத் தேர்ந்துகொண்டன. முன்னால் எட்டு, மேலே எட்டு, பந்தைப் பிடி, கையை வாய்க்குக் கொண்டுபோ, தலைக்குக் கொண்டுபோ. உடம்பில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை நிறுத்தி, தோள் முதல் மணிக்கட்டுவரை ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை திரும்புகிறது என்று பதிவுசெய்கிறார்கள். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2011-இல், உடல், தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் 13 கோணங்கள் மற்ற பிள்ளைகளிடமிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதைத் திரட்டி ஒரே எண்ணாக்கினார்கள். கை எட்டாதபோது முதுகு எவ்வளவு முன்னால் சாய்ந்து உதவுகிறது என்பதுகூட அதில் பிடிபடும். டப்பாவை இறுக்க அவன் குனிந்த அந்தக் குனிவுக்கும் பாகைக் கணக்கு உண்டு. தேன்குழலுக்கு இல்லை.

பெயர்களில் என்னை உலுக்கியவை இத்தாலியில் அட்ரியானோ ஃபெராரி வைத்தவை. ஒரு பக்க வாதமுள்ள பிள்ளைகளின் கையை அவர் ஐந்தாகப் பிரிக்கிறார். ஒன்றிய கை, பாதி பயன்படும் கை, கூட்டாக மட்டுமே அசையும் கை, சிறைப்பட்ட கை, விலக்கப்பட்ட கை. கடைசி இரண்டும் மருத்துவப் பெயர்கள் போலவே இல்லை. சிறைப்பட்ட கையை யார் சிறைவைத்தார்கள் என்று மூளையைக் கேட்கலாம். விலக்கப்பட்ட கையை விலக்கியது யார் என்று கேட்டால் பிள்ளையின் மற்ற கையையும் பிள்ளையையும் வீட்டையும் சேர்த்தே விசாரிக்க வேண்டியிருக்கும்.

*

மிஸ் போட நினைத்த எண் இவை எதுவும் இல்லை. அது 2006-இல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழு வெளியிட்ட மாக்ஸ் என்ற அளவை. நான்கு வயது முதல் பதினெட்டு வரை உள்ளவர்களுக்கானது. ஐந்து நிலைகள். பொருள்களைச் சுலபமாகக் கையாளுகிறவர் முதல் நிலை. பெரும்பாலானவற்றைக் கையாள்வார், ஆனால் வேகமோ நேர்த்தியோ சற்றுக் குறையும் என்றால் இரண்டு. சிரமப்பட்டுக் கையாள்வார், யாராவது முன்னேற்பாடு செய்துதர வேண்டும் என்றால் மூன்று. சுலபமான சிலவற்றை மட்டும், ஏற்பாடான சூழலில் மட்டும் கையாள்வார் என்றால் நான்கு. பொருள்களைக் கையாள்வதில்லை என்றால் ஐந்து.

இதில் எந்த இடத்திலும் கட்டைவிரல் உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி இல்லை. எந்தக் கை என்ற கேள்வியும் இல்லை. இரு கையும் சேர்ந்து ஒரு பொருளை என்ன செய்கின்றன என்று மட்டுமே கேட்கிறது. கையைப் பார்க்காமல் கைக்கும் பொருளுக்கும் நடுவில் நடப்பதைப் பார்க்கிறது. லிட்டிலிலிருந்து நூற்று நாற்பத்தைந்து ஆண்டு நடந்து, மருத்துவம் கடைசியில் தொழிற்கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சோத்தாங்கை என்று பெயர் வைத்தவர்களின் வழியும் அதுதான். அவர்கள் ஒட்டிவைத்த அவமானம் மட்டும் இதில் இல்லை.

இந்த அளவைக்கு வீட்டாரின் வாக்குமூலம் அவசியம். அன்று மிஸ் கேட்டார், “யூனிஃபார்ம் பட்டன் யார் போடுறா?”

“நான்தான். ஆனா லீவு நாள்ல விட்டா அவனே போட்டுருவான் மிஸ்” என்றாள் தங்கை.

“பேஸ்ட் பிதுக்குறது?”

“அம்மா பிதுக்கிக் குடுத்துருவாங்க. முடியாதுன்னு இல்ல...”

“முடியுமான்னு கேக்கலக்கா. தெனமும் செய்றானான்னுதான் கேக்குறேன்.”

தங்கை பதில் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் ரெண்டா மூணா என்ற தயக்கம் எனக்குப் புரிந்தது. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவிலிருந்த தூரம் அவன் விரல்களில் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது. காலை ஏழே முக்காலுக்கு வேன் வரும் வீட்டில், ஒரு பிள்ளை பட்டன் போட ஆறு நிமிஷம் எடுத்துக்கொள்ள யாரும் விடுவதில்லை. அதிலும் நம் ஊரில் ஊட்டிவிடுவது அன்பின் உச்சம். எட்டு வயதுப் பிள்ளைக்கும் பருப்புச் சோற்றை உருட்டிக் கொடுக்கும் கைகள் நம்முடையவை. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு அது செல்லம். இவனுக்கு அது நிலை எண்ணைக் கூட்டுகிற பாசம்.

என் எரிச்சல் இடம் மாறியது அங்கேதான். எண் அவனைக் குறைத்துச் சொல்கிறது என்று கோபப்பட்டவன், அந்த எண்ணில் பாதி எங்களுக்குப் போட்டது என்று தெரிந்துகொண்டேன்.

*

அவன் இடது கையால் சாப்பிடத் தொடங்கியபோது அதை முதலில் எதிர்த்தது என் அம்மாதான். “சோத்துல பீச்சாங்கைய வைக்காதடா” என்று புறங்கையில் சின்னதாக ஒரு தட்டு விழும். அவன் வலது முட்டியால் சோற்றைத் தள்ளிப் பார்ப்பான். தட்டு நகரும். பிறகு அம்மாச்சி ஊட்டிவிடக் காத்திருப்பான்.

ஏழாம் வயதில் மையத்தில் ஒரு புதுப் பயிற்சி சொன்னார்கள். நல்ல கைக்கு ஒரு தடித்த துணி உறை மாட்டி, தினமும் இரண்டு மணிநேரம் வலது கையால் மட்டும் விளையாட வேண்டும். இதன் வேர், எட்வர்ட் டௌப் என்ற அமெரிக்கர் குரங்குகளிடம் கண்டது. உணர்ச்சி நரம்பைத் துண்டித்த கையைக் குரங்கு பயன்படுத்துவதை விட்டுவிடுகிறது. நல்ல கையைக் கட்டிவைத்தால் விட்ட கை மறுபடி வேலைக்கு வருகிறது. முடியாததால் பயன்படுத்தாமல் போவது ஒன்று, பயன்படுத்தாமல் விட்டே முடியாமல் போவது இன்னொன்று. இரண்டாவதை மீட்க முடியும்.

அம்மாவுக்கு ஏக சந்தோஷம். “நான் தட்டுனப்ப என்னைய வைஞ்சீங்க. இப்ப அவங்க உறையே மாட்டிட்டாங்க பாத்தீங்களா?” பதில் சொல்லத் தடுமாறினேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இடது கைக்குப் போட்ட தடைதான். ஒன்று இடது கையைத் தண்டிக்கிறது, மற்றது வலது கையை அழைக்கிறது. ஒன்று சோற்றுத் தட்டின் முன்னால், பசியில், எல்லோரும் பார்க்க நடக்கிறது. மற்றது பந்தும் களிமண்ணும் வைத்து, கெடு வைத்து, முடிந்ததும் உறையைக் கழற்றி விடுகிறது. சில வாரங்களில் அதையும் நிறுத்தி, இரு கையும் சேர்ந்து செய்யும் வேலைகளுக்கு மாற்றினார்கள். பாட்டில் மூடி, ஜிப், உரலில் பூண்டு நசுக்குவது. சாப்பாடு இடது கையில்தான் என்று மிஸ் அம்மாவிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

எண் ஒன்று வாங்கியாக வேண்டிய இன்னொரு இடமும் உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஊனம் 40 சதவீதமாவது என்று சான்றிதழில் இருந்தால்தான் இட ஒதுக்கீடு முதலான கதவுகள் திறக்கும். அங்கே எண் கூடினால்தான் நல்லது. மையத்தில் மகன் செய்வதையெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட தாய், சான்றிதழ் வரிசையில் அவன் செய்யாததையெல்லாம் சொல்ல வேண்டும். எழுத்தாளர் மாலினி சிப் மூளை முடக்குவாதத்தோடு வாழ்கிறவர். ஒரு விரலால் தட்டச்சு செய்து முழுப் புத்தகம் எழுதினார். அதற்கு அந்தச் சின்ன விரலையே தலைப்பாக வைத்தார். சதவீதக் கணக்கில் ஒரு விரல் எவ்வளவு சொற்பம் என்று நினைத்துப் பார்க்கிறேன். அது பொருட்கை.

*

போன தை மாதம் உறவில் ஒரு கல்யாணம். முதல் பந்தி. தலைக்கு மேலே பெரிய மின்விசிறி, இலைகளெல்லாம் படபடக்கின்றன. அவனுக்கு இப்போது ஒன்பது வயது. எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து இடது கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். சாம்பார் வாளியோடு வந்த பெரியவர் நின்று, “என்ன தம்பி, பீச்சாங்கையிலயா சாப்பிடுற?” என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா நிமிர்ந்தாள். “அவனுக்கு அதாண்ணே சோத்தாங்கை. அப்பளம் இருந்தா கொண்டாரச் சொல்லுங்க.”

பெரியவர் போய்விட்டார். நான் அவன் இலையைப் பார்த்தேன். எங்கள் இலைகள் ஓரம் மடிந்து மடிந்து எழும்பிக்கொண்டிருந்தன. தண்ணீர் டம்ளரை நகர்த்தி மேலே வைத்திருந்தேன், அதையும் மீறி நுனி தூக்கியது. அவன் இலை அசையவில்லை. வலது கை முட்டி, கட்டைவிரல் உள்ளே இருந்தபடியே, இலையின் நுனியில் அமர்ந்திருந்தது. யாரும் வைக்கச் சொல்லவில்லை. அவனும் அதைப் பார்க்கவில்லை.

மினசோட்டாவின் ஜேம்ஸ் ஹவுஸ் கைப் பயன்பாட்டுக்கு 1981-இல் வகுத்த ஒன்பது படிகளில் இதற்கு இடம் இருக்கிறது. கீழிருந்து இரண்டாவது படி. கையை ஒரு பாரமாக மட்டும் வைத்துப் பொருள் நகராமல் பார்த்துக்கொள்வது. மோசமான உதவி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்.

அப்பளம் வந்தது. அவன் இடது கையால் நொறுக்கினான். இலை அப்படியே கிடந்தது.